தொட்டில் நனையாத பிள்ளை

எங்கள் ஊர் சிம்பாய் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் சர்பினாஸ். சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தால் புத்தகம் பார்க்காமலே வரைவாள். முதுகுப் பக்கம் விலா எலும்பை ஒட்டி, அவரை விதை போல இரண்டு சிறுநீரகங்கள். வலது பக்கத்தது கொஞ்சம் தாழ்வாக இருக்கும், மேலே கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால். அவற்றிலிருந்து இறங்கும் மெல்லிய இரண்டு குழாய்கள், இரண்டும் வந்து சேரும் பை, பையிலிருந்து வெளியே போகும் ஒரே ஒரு பாதை.

"மேல எல்லாம் ரெண்டு ரெண்டு. கீழ வாசல் ஒண்ணுதான். அந்த வாசல் அடைச்சுதுன்னா மேல இருக்கிறதெல்லாம் நாசம்" என்பாள். பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஒரு நாள் உங்களுக்கு அடைச்சுக்கட்டும், அப்ப எங்க போச்சு இந்தச் சிரிப்புன்னு கேக்கறேன்" என்று அவளும் சிரிப்பாள். இவ்வளவும் தெரிந்தவள். அப்படியிருந்தும் இப்படி ஆனதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் பிள்ளை பிறந்தான். பெக்நசார் என்று பெயர் வைத்தார்கள். புருஷன் தெங்கெல்பாய்க்கு மேட்டுப் பாலைவனத்தில் எரிவாயுக் கிணற்று வேலை. பாதி நாள் அங்கே, பாதி நாள் வீட்டில். மாமியார் கனிகுல் அக்கம்பக்கத்தைக் கூட்டி, ஆட்டை அறுத்து, மிட்டாயை வாரி இறைத்து, பேரனைத் தொட்டிலில் கட்டினாள்.

எங்கள் தொட்டில் மரத்தொட்டில். பிள்ளையைக் கை கால் அசையாமல் துணியால் கட்டிப் படுக்க வைப்போம். படுக்கையின் நடுவே ஓர் ஓட்டை, அதற்குக் கீழே மண்சட்டி. காலிடுக்கில் ஷுமெக் என்கிற சின்ன மரக்குழாயைப் பொருத்திவிட்டால் பிள்ளை மூத்திரம் பெய்வதெல்லாம் நேரே சட்டிக்குப் போய்விடும். துணி நனையாது, தொடை புண்ணாகாது, உறைபனிக் காலத்திலும் பிள்ளை ஈரமில்லாமல் தூங்கும். உப்புத் தண்ணீரில் துணி துவைத்துத் துவைத்துக் கை வெடித்துப்போன பெண்களுக்கு அதைவிட என்ன வேண்டும்! ஊரில் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பெக்நசார் அந்தக் கட்டுக்குள் சமர்த்தாகக் கிடந்தான். குழாய் பிசகினால்கூடத் துணியில் பெரிய ஈரம் இருக்காது. "தங்கப் பிள்ளைடி! தொட்டில நனைக்கிறதே இல்ல பாரு" என்று கனிகுல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அடுத்த வீட்டுப் பல்சதாவுக்கு வீடு நிறையப் பையன்கள். வாய் சும்மா இருக்காது. ஒரு மத்தியானம் இங்கே வந்து மாமியார் மருமகளோடு பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொட்டிலுக்கடியில் காதை வைத்துக் கேட்டாள். சட்டியில் சொட்டு, சொட்டு என்று விழுந்துகொண்டிருந்தது.

"என்னடி இது, உன் பிள்ளை சாமியார் மாதிரி பெய்யறான்! என் தடியனுங்க பெஞ்சா குழாயத் தொறந்து விட்ட மாதிரி சட்டியே அதிரும்."

"டீச்சர் பிள்ளை இல்லையா அக்கா, மரியாதை தெரிஞ்சவன்" என்றாள் சர்பினாஸ். மூவரும் சிரித்தார்கள். கனிகுலுக்குச் சிரித்துச் சிரித்துத் தேநீர் புரையேறியது.

அப்போதே குழாயை எடுத்துவிட்டு, கட்டை அவிழ்த்து, பிள்ளை பெய்வதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்திருக்கலாம். யாருக்குத் தோன்றும்? ஆண்பிள்ளைக்கு வில்லாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்பது பல்சதாவுக்குக்கூடக் காதால் தெரிந்ததே தவிர, கைக்குழந்தை வயதில் அவள் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அதைப் பார்க்க வழியே இல்லை, குழாய் மறைத்துவிடும்.

பிள்ளைக்கு வயிறு உப்பலாக இருந்தது. கொழுகொழுவென்று இருக்கிறான் என்றார்கள். அடிக்கடி காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிறது என்றார்கள். தொட்டிலைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தபின், கொல்லையில் நின்று முகம் சிவக்க முக்குவான், சொட்டிவிட்டு நிற்கும். சர்பினாஸ் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், பார்த்தது மாமியார்தான். "அத்தை, ஏன் இப்படி முக்கறான்?" என்று ஒரு லீவு நாளில் தானே பார்த்துவிட்டுச் சர்பினாஸ் கேட்டாள். "நம்ம கெணத்து உப்புத்தண்ணி குடிச்சா யாருக்குத்தான் எரியாது? உன் மாமாவும் இப்படித்தான் முக்குவாரு" என்றாள் கனிகுல். அதுவும் பொய்யில்லை. அந்தத் தண்ணீர் ஊரில் பாதிப் பேருக்குக் கல்லைக் கொடுத்திருந்தது.

மூன்று வயதில் ஒரு காய்ச்சல் இறங்கவே இல்லை. நூகுஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். சர்பினாஸும் பார்த்தாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோல் போலத் தடித்துப்போன பை. குடல் மாதிரி வீங்கி வளைந்த குழாய்கள். அவரை விதை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தண்ணீர்ப் பைகள்.

"பொறக்கும்போதே வாசல்ல ஒரு சவ்வு இருந்திருக்கும்மா. வெளிய போக முடியாம அவ்வளவும் மேல எதிர்த்து ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "நீங்க உயிரியல் டீச்சர்ங்கிறீங்க. கைக்குழந்தையா இருக்கும்போது இவன் பெய்யறத ஒரு தடவைகூடப் பார்க்கலையா?"

"தொட்டில்ல இருந்தான் டாக்டர்."

டாக்டரம்மா கருவியைத் துடைத்து வைத்தார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். தன் பிள்ளைகளையும் தொட்டிலில்தான் வளர்த்திருப்பார்.

சவ்வை வெட்டுவது சின்ன வேலை. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு முடித்துவிட்டார்கள். பிறகு மூத்திரம் இறங்க வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்த அன்று பெக்நசார் தகரச் சட்டியின் முன்னால் நின்றான். படபடவென்று விழுந்தது. பயந்துபோய் நிறுத்தினான், மறுபடி விட்டான்.

"அம்மா! சத்தம் கேக்குது! நான்தான்மா! நானே!"

வார்டு முழுக்கச் சிரித்தது. தெங்கெல்பாய் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் ஆடினான். சர்பினாஸும் கைதட்டினாள், கைதட்டியபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசல் திறந்துவிட்டது. மேலே இருந்தது போனது போனதுதான். அது திரும்பாது என்பதைத் தன் வாயாலேயே வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவள் அல்லவா.

அதற்கப்புறம் தாஷ்கண்டுக்கும் சிம்பாய்க்கும் ரயிலிலேயே பிழைப்பு ஆயிற்று. பிள்ளை வெளுத்தான், வளரவில்லை. உப்பில்லாத ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் மீன் தின்பதைப் பார்ப்பான். இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். "என்னோடது ரெண்டும் நல்லா இருக்கு, ஒண்ண எடுத்து வைங்க" என்று சர்பினாஸ் கெஞ்சினாள். உடம்பு கொஞ்சம் தேறட்டும், வைக்கலாம் என்றார்கள். தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பை வாங்கி வைத்திருந்த இலையுதிர் காலத்தில் பெக்நசார் போய்விட்டான்.

கனிகுல் தொட்டிலை மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டாள், அதன் பக்கம் அவள் பிறகு போகவே இல்லை. சர்பினாஸ் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கிழவிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எட்டாம் வகுப்புக்குச் சிறுநீரகப் பாடம் வந்தபோது சர்பினாஸ் பையிலிருந்து இறங்கும் அந்த ஒரு கோட்டை வரைய முடியாமல் கையைத் தொங்கவிட்டு நின்றாள். பின்வரிசையில் ஒருவனும் சிரிக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் தொட்டில் கட்டும் விசேஷத்துக்குப் போவதில்லை. யாரும் வராதே என்று சொல்லமாட்டார்கள், வா என்றும் அழைக்கமாட்டார்கள். அவளும் போகவில்லை.

இந்த நிலையில், இனிமேல் பிள்ளை பிறக்காது என்று இருந்த பல்சதாவுக்குக் கடைக்குட்டியாக இன்னொரு பையன் பிறந்தான். தொட்டில் கட்டும் நாளன்று அடுத்த வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனையும் பெண்கள் பேச்சுமாக இருந்தது. சர்பினாஸ் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு பல்சதா வந்தாள். கையில் குழந்தை. இடுப்புக்குக் கீழே துணியே இல்லை.

"அக்கா, என்ன இது? குளிர்ல பிள்ளைய இப்படித் தூக்கிட்டு! அங்க எல்லாரும் காத்துட்டிருப்பாங்க."

"காத்துட்டுக் கெடக்கட்டும். அந்த மூதேவிங்க என்னமோ முணுமுணுத்தாளுங்க. வாய மூடுங்கடின்னுட்டு வந்துட்டேன்." பல்சதா பிள்ளையை நீட்டினாள். "நீ பார்த்து சரின்னு சொல்லாம இவன நான் தொட்டில்ல கட்டமாட்டேன். அன்னைக்கு நான் காதுல கேட்டேனேடி. கேட்டுட்டுச் சிரிச்சேனே, பாவி."

சர்பினாஸ் அடுப்புக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டுப் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினாள். விரல் நுனியால் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், மெத்தென்று இருந்தது. இரண்டு பெண்களும் குனிந்து உட்கார்ந்தார்கள். பிள்ளை கொட்டாவி விட்டது. காலை உதைத்தது. ஒன்றும் வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து பல்சதாவைக் கூப்பிடும் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி வரல? சொல்லுடி, ஏன் வரல?"

"இருங்கக்கா, இருங்க. அவனுக்கே தோணணும்."

பிள்ளை உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. சரேலென்று வில்லாக எழும்பி சர்பினாஸின் கன்னத்தில், கழுத்தில், நெஞ்சில் அடித்தது. அவள் விலகவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். நின்றபின்னும் அசையவில்லை.

"நல்லா இருக்கான் அக்கா" என்றாள். "இவன் நல்லா இருக்கான். கட்டுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்து, மகன் போன நாளில்கூட வராத அழுகை பெருங்குரலாக வந்தது. "ஒரே ஒரு தடவை அக்கா. ஒரே ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்திருந்தா போதுமே." பல்சதா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நடுவில் கிடந்த பிள்ளையும் சேர்ந்து கத்தியது.

"எந்திரிடி, முகத்தைக் கழுவிட்டு வேற துணி மாத்திட்டு வா. நீதான் அவனத் தொட்டில்ல வைக்கணும்."

"இருக்கட்டும்" என்றாள் சர்பினாஸ். நனைந்த சட்டையோடு பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, பெண்கள் கூடியிருந்த வீட்டுக்குள் போனாள்.