பூட்டிய அறையில் மூழ்கிய கப்பல்

மாமாவுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களிடம் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்வது? நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டின் தீராத தலைவலி இதுதான். மாமா என் அம்மாவின் தம்பி. ஆயர் குரோ தொழிற்பேட்டையில் கிடைத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கடலுக்கடியில் ஒரு சிவப்பு நீர்மூழ்கிக் கப்பல் இடமிருந்து வலமாகப் போகும். எதிரே வரும் மீன்களையும் மிதக்கும் கண்ணிவெடிகளையும் சுட்டுக்கொண்டே போக வேண்டும். அவர் சிறுவனாக இருந்தபோது கடைகளில் காசு போட்டு ஆடிய விளையாட்டுகளைப் போல எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரியும். என் தோழிகளின் மாமாக்கள் லாரி ஓட்டினார்கள், வங்கியில் இருந்தார்கள், ஒருவர் போலீஸ்கூட. என் மாமா மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார். பள்ளியில் யாராவது கேட்டால் நான் பென்சில் சீவப் போய்விடுவேன்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று அந்த விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு தீபாவளிக் காலையில் அம்மா என்னைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துத் தண்ணீரை ஊற்றியபோது, நான் தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். வெளியே நின்ற மாமா அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். அவருடைய கப்பல் வெடிபட்டு மூழ்கும்போதெல்லாம் அந்த ஓலம்தான் கேட்கும்.

“ம்மா! மூச்சு முட்டுதும்மா! கதவ தொற!”

எடுத்துவிடும்படி நான் கெஞ்சாத நாளில்லை. “இதான் கேமுக்கே உசுரு” என்று சொல்லி மாமா என் கன்னத்தைக் கிள்ளுவார். எனக்கு உயிர் போகும்.

மலாக்கா நகரிலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறது என்றதும் அம்மா எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினாள். பெண்ணின் அப்பா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கறாரான ஆள். “கம்ப்யூட்டர் லைன்னு மட்டும் சொல்லு. கேமுன்னு வாயத் தொறந்த, அவ்வளவுதான்” என்று மாமாவை மிரட்டினாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் ஏன் சொல்லப் போகிறேன்? அந்த அறை இருப்பதே வெளியில் தெரியக்கூடாது என்று அவளைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் நான்தான்.

வண்டி வாசலில் நின்றதும் அம்மா பின்னறைக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே கணினி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமல் விட்டால் அந்த விளையாட்டு தானாகவே ஆடிக் காட்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் கடைக்கு வருகிறவர்களை அப்படித்தான் இழுத்தனவாம். அவசரத்தில் அது யாருக்கும் நினைவில்லை.

பெண்ணும் கூடவே வந்திருந்தது. அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. வடையும் கேசரியும் வைத்தோம். பெண்ணின் அப்பா தேநீரை ஆற்றிக் குடித்தபடி, “தம்பி என்னா வேல செய்றீங்க?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர் லைன், அங்கிள்” என்றார் மாமா. அம்மாவின் முகம் மலர்ந்தது.

அப்போது பூட்டிய அறைக்குள்ளிருந்து நான் கத்தினேன். “ம்மா! மூச்சு முட்டுதும்மா! கதவ தொற!”

வடையைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. அம்மா சிரிக்க முயன்றாள். “ரேடியோங்க. பழசு, கொஞ்சம் ரோசாக்.”

ரேடியோ பழுதென்று பெண்ணின் அப்பா நம்பத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் உள்ளே கப்பல் மறுபடி கிளம்பி, மறுபடி வெடியில் மோதி, மறுபடி மூழ்கியது. நானும் மறுபடி கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“உள்ள புள்ள இருக்குதும்மா. சாவிய குடுங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க...”

“ஒண்ணுமில்லன்னா ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?”

அம்மா இடுப்பைத் தடவினாள். சாவி நழுவிச் சேலைக்குள் எங்கோ போயிருந்தது. அவள் தேடத் தேட உள்ளே நான் மூழ்கிக்கொண்டே இருந்தேன். என் அப்பா கூரையில் சுழன்ற காற்றாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் நின்ற எனக்கோ பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தபோது உள்ளே ஒரு கட்டிலும் நாற்காலியும் கணினித் திரையும்தான். அந்தப் பெரியவர் நம்பாமல் குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தார்.

மாமாதான் முன்னால் வந்தார். “மன்னிச்சிருங்க அங்கிள். இதான் என் வேல. நான் செய்ற கேம்.”

“யார் கொரலு இது?” என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்க் குளியலறையில் தாழிட்டுக்கொண்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. அந்த அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளையாடத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு முறை அவள் தோற்கும்போதும் என் ஓலம். அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறாள் என்று நினைத்து, வாளித் தண்ணீரைப் பார்த்து அழுதேன்.

“தண்ணி அழகா இருக்குங்க” என்றாள் அவள். “கீழ போகப் போக இருட்டுது பாருங்க, அது எனக்குப் புடிச்சிருக்கு. அந்த ஜெல்லி மீனு பாட்டுக்கு ஏத்த மாதிரி மேல வர்றதும் நல்லாருக்கு.”

மாமா ஏதோ முனகினார்.

“ஆனா கப்பலு ரொம்ப ஸ்லோ லா. திரும்பவே மாட்டேங்குது. பின்னால வர்ற மீன என்னா செய்றது? நாம சுடறதும் நுரையில மறைஞ்சி போய்டுது. செத்துட்டா மறுபடியும் மொதல்லேர்ந்தா? அநியாயம்.”

மாமா எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. ஆமாங்க, ஆமாங்க என்று ஆசிரியர் முன்னால் நிற்கிற மாணவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பல மாதமாக ராப்பகலாகச் செய்ததை ஒருத்தி வந்து கப்பலிலிருந்து கடைசியில் வரும் ஆக்டோபஸ் வரைக்கும் குறை சொல்கிறாள், இவர் தலையாட்டுகிறார். என் குரலுக்காக வெட்கப்பட்டது போதாதென்று அவருக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டேன். அவளுடைய அப்பா பலமுறை கூப்பிட்ட பிறகுதான் அவள் எழுந்து போனாள்.

பதில் தூரத்து உறவுக்கார அத்தை ஒருவர் வழியாக வந்தது. நிரந்தர வேலை இல்லாத பையன், அதுவும் பொய் சொல்லி மறைக்கிற குடும்பம், வேண்டாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டாராம். அம்மா சமையலறையில் நின்று அழுதாள். நான் கத்தியதால்தான் மாமாவின் கல்யாணம் நின்றுபோனது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சில நாட்கள் மாமாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மாமா அழவில்லை. பின்னறைக்குப் போய், அவள் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கினார். கப்பல் வேகமெடுத்தது. நுரை மெலிந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “பாரு, இப்ப திரும்புது” என்று காட்டினார். கப்பல் உண்மையாகவே திரும்பிப் பின்னால் வந்த சுறாவைச் சுட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பெண் சொன்னதையெல்லாம் வேலை மெனக்கெட்டுச் செய்கிறாரே, இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா?

பிறகு ஒரு சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மடிக்கணினியோடு மோட்டார் சைக்கிளில் மலாக்காவுக்குக் கிளம்பினார். பொழுது சாய்ந்துதான் வந்தார். அம்மா வாசலிலேயே நின்றாள்.

“எங்கடா போன இவ்வளவு நேரம்?”

“கேம காட்டிட்டு வந்தேன்க்கா.”

“யாருகிட்ட?”

மாமா செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். “அன்னிக்கு தப்பு சொன்னாங்கள்ல, அவங்ககிட்டதான்.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வேண்டாமென்று சொல்லி அனுப்பிய வீட்டுப் பெண்ணிடம் தானாகவே போய் நின்றிருக்கிறார்! அம்மா இன்றைக்கு வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ அவர் கையிலிருந்த மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள்.

“என்னா சொன்னுச்சு?”

“இன்னும் நெறைய தப்பு இருக்காம்” என்றார் மாமா. “சரி பண்ணிட்டு அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க.”

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவங்கப்பன ரெண்டு பேரும் எப்படிச் சமாளிக்கப் போறீங்க?” என்று கேட்டபடியே தேநீர் போடப் போனாள். இன்னும் நிறையத் தப்பு இருக்கிறது என்று ஒருத்தி சொன்னதற்கு இரண்டு பெரியவர்கள் இப்படிச் சிரிப்பதைக் கண்டு எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ரோஷம் இல்லை என்று முடிவு செய்து, அன்றைக்கு மாமாவோடு பேசாமலேயே படுத்துக்கொண்டேன்.