எட்டில் முடிகிற பில்

கம்பத்தில் எங்களுக்குப் பம்பு மோட்டாரும் பைப்பும் விற்கிற சின்னக் கடை. என் வீட்டுக்காரருக்குப் பிறந்த ஊர் குச்சனூர். சனீஸ்வரன் கோயில் பக்கத்திலேயே வளர்ந்தவருக்கு அந்தப் பயமெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்று நம்பிக் கழுத்தை நீட்டினேன். அவருக்கோ சனியின் எண் என்று எட்டைக் கண்டாலே ஆகாது. பில் புத்தகத்தில் எட்டில் முடிகிற தாளையெல்லாம் குறுக்கே கோடு போட்டு விட்டுவிடுவார்.

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு மோட்டார் கம்பெனி கிடுக்கிப்பிடி போட்டது. பில்லெல்லாம் இனி கம்ப்யூட்டரில்தான், நடுவில் நம்பர் விட்டுப்போனால் ஏஜென்சி வேறு கடைக்குப் போய்விடும் என்றார்கள். அந்த ஏஜென்சிதான் எங்கள் சோறு. டைப்பிங் படித்திருந்த நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பில். போட்டு முடித்த பில்லை அழிக்க முடியாது, நம்பரும் தானாக ஓடும். எட்டைத் தாண்டிப்போக வழியில்லை.

முதல் எட்டு வந்த அன்று அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாரவுக தலையில எதுக்குப் போடணும்? எம் பேர்ல போடு. ஒரு வாஷர், ரெண்டு ரூவா."

"ஒங்க தலை மட்டும் என்ன இரும்பா?"

சிரித்தார். அன்றிலிருந்து எட்டில் முடிகிற பில்லெல்லாம் அவர் பெயருக்குத்தான். காசையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவார். சுத்துப்பட்டில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் கேலி செய்தார்கள். ஆனால் நிம்மதியாக வாங்கிப்போனார்கள். நான்தான் பைத்தியக்காரத்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டே அடிப்பேன்.

பிறகு அவருக்குக் காமாலை வந்தது. மதுரை வரைக்கும் அலைந்தும் பிழைக்கவில்லை.

அவரை எடுத்துப்போன பிறகு, வீடு நிறைய ஆட்கள் இருக்கையில், நாத்தனார் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அத்தன எட்டையும் எந்தம்பி தலையில ஏத்திட்டியேடி. ஒங் கையாலதான அடிச்ச?"

ஒருத்தரும் அவர் வாயை அடக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது.

காரியம் முடிந்ததும் கம்பெனி ஆள் வந்து, கடை திறக்காவிட்டால் ஏஜென்சியை மாற்றிவிடுவார்கள் என்றார். திறந்தேன். தேவாரத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோய்ப் பயிர் வாடிக்கொண்டிருந்தது. பில் போடப் போனால் அடுத்த நம்பர் எட்டில் முடிந்தது. எட்டிப் பார்த்தவர் பின்வாங்கினார்.

"தப்பா நெனச்சுக்கிறாதீக ஆத்தா. இத வேற ஆருக்காச்சும் போட்டுருங்க. அடுத்தத எனக்குப் போடுங்க."

வேறு யாருக்குப் போட? என் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலிருக்கும் மகளுக்கு இனி நான் ஒருத்திதான். நம்பிக்கையில்லை என்று சொன்ன எனக்கே அவ்வளவு பயம். அடித்த எழுத்தை அழித்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரையே அடித்தேன். ஒரு வாஷர், இரண்டு ரூபாய். அந்த ஆள் நிற்கிறார் என்றும் பார்க்காமல் அழுதேன். செத்துப்போனவருக்கு இனி என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?