தண்ணிப்பால் வழக்கு

ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் மாடு வைத்துப் பால் விற்றேன். பாலில் தண்ணீர் கலந்ததாகப் போலீஸ் கோர்ட்டில் எனக்கு அபராதம் போட்டார்கள். அபாண்டம்! அப்பீல் செய்து அதிலும் தோற்றேன். இன்னொரு அப்பீலுக்கு அனுமதி கேட்கச் சொல்லி என் தமிழ் வக்கீலைப் பிடுங்கியெடுத்தேன்.

"அபராதந்தான் கட்டியாச்சே, விட்டுருங்கண்ணே."

"காசு போகட்டும் ஐயா. தெருவுல தண்ணிப்பால்காரன்னு கூப்பிடுறானுங்களே!"

பெரிய கோர்ட்டில் அவர் எனக்குப் புரியாத இங்கிலீஷில் வியர்க்க வியர்க்க வாதாடினார். இவர் பொய்யே அறியாதவர் என்று அவர் சொன்னதாக அவருடைய குமாஸ்தா என் காதில் ஓதியபோது எனக்கே கண் கலங்கியது. அனுமதி மட்டும் கிடைக்கவில்லை.

போங்கடா என்று, மறுநாளே மாட்டை வீடு வீடாக ஓட்டிப்போய் வாசலிலேயே கறந்து கொடுத்தேன். உள்ளே தண்ணீர் இல்லையென்று முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறப்பது. விட்டுப்போன வாடிக்கையெல்லாம் திரும்பி வந்தது.

வக்கீல் வீட்டு வாசலில் மட்டும் செம்பைக் கவிழ்க்கவில்லை. எனக்காக வாதாடியவருக்கு எதற்கு அதெல்லாம்? நேரே மடியில் கை வைத்தேன். அவர் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, செம்பைக் கொஞ்சம் கவுத்துக் காட்டிருங்களேன்."

மாடே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டு, கவிழ்த்துக் காட்டினேன்.