இனியா என்ற பெயர் யாருடையது?

இன்று ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது...

கணினி சிவப்பில் கத்தியது: "பெயர் கட்டாயம்!"

(வெள்ளைக்காரன் காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இன்ஜினியரிங் படித்ததற்குப் பரிசு!)

1920-களின் பக்கம். பேரணாம்பட்டு. தகப்பன் தோல்ஷாப்பு கூலி, அதாவது தோல் பதனிடும் ஆலையில். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் "பெண்". அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வருடங்களில் அதே வீட்டில் இன்னும் இரண்டு "பெண்".

இறப்புப் பதிவேட்டிலும் மூவரும் இருந்தார்கள். அங்கேயும் "பெண்"தான்!

நான்காவதுக்குப் பெயர் இருந்தது. குப்பம்மாள்.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் புரட்டி இந்தப் பெயரை வைப்பார்கள். எமனுக்கும் வேண்டாத பிள்ளையாம்.

பக்கத்து சீட் அக்பர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, 'பெயரில்லை'ன்னு போட்டுட்டு போய்ட்டே இரு. பேஜார் பண்ணாத."

போட முடியவில்லை.

என் மகள் ஒன்பது நாளாக வேலூரில் இன்குபேட்டரில் இருக்கிறாள். காலில் கட்டிய பட்டையில் "பேபி ஆஃப் செல்வி". செல்வி என் மனைவி.

போன வருடம் மூன்றே நாளில் போன பெரியவள் காலிலும் அதே பட்டைதான்.

மாமியார் தினமும் சொல்கிறார்: "குப்பம்மான்னு வெச்சிடுங்க மாப்ள, பொயச்சிக்கும்."

செல்வி பிடிகொடுக்கவில்லை. "வூட்டுக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

பெயர் தயாராகவே இருக்கிறது. இனியா. இனிமையிலிருந்து வந்தது. சாமி இல்லை, சாதி இல்லை, மூன்றே எழுத்து. எந்த வாத்தியாரும் தப்பாகக் கூப்பிட முடியாது! பெரியவள் வயிற்றில் இருந்தபோதே நாங்கள் தேர்ந்தெடுத்தது.

மத்தியானமே லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன்.

"இன்னிக்கே பேர் வெச்சிடலாம் செல்வி. இனியா."

"அந்தப் பேரு வேணாம்."

"நீதானே ஆசப்பட்ட?"

எனக்குப் பொறுமை கிடையாது. கேட்டுவிட்டேன்.

"பெரியவ பேரில்லாமலே போய்ட்டா. இவளும் அப்படியே போவணுமா?"

செல்வி கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா பேரில்லாம போனான்னு? துணில சுத்திக் குடுத்தாங்க இல்ல, அப்பவே காதுல சொல்லிட்டேன். இனியான்னு. அது அவ பேருங்க."

ஒரு வருடமாக அவளுக்குப் பெயர் இருந்திருக்கிறது. அப்பனுக்குத்தான் தெரியவில்லை.

கேட்டேன்: "சரி. இவளுக்கு?"

"எனக்கு யோசிக்க பயமா இருக்கு. நீங்களே யாரையாவது கேளுங்க. ஆனா குப்பம்மா வேணாம்."

எடை ஒரு கிலோ நூறு கிராம். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

"தைரியமா இருங்க" என்று கமெண்டில் யாரும் எழுத வேண்டாம்.

இனியாவின் தங்கைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். இன்றைக்கே வேண்டும்.