கால்வாயைப் பற்றி எழுதியவள் கூழோடு ஊருக்குப் போனது

ஆடி ஞாயிறுகளில் ஒன்றில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒரே அண்டாவில் கலக்கும். ஐந்து வருடமாக என் வீட்டுக் கூழ் அதில் சேரவில்லை. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மூடி, லாரி நிறுத்த இடம் செய்தார் அன்றைய ஊராட்சித் தலைவர். அதை இந்த வலைப்பூவில் எழுதினேன். என்னோடு யாரும் பேசக் கூடாது என்று ஊர் கூடிச் சொன்னது. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்துக்கு அவ்வளவு பயம்! படப்பையில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது தலைவர் மாறிவிட்டார். "வா ஆயா, உன் கூழும் சேரட்டும்" என்று புதியவர் போனில் கூப்பிட்டார்.

காலை ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஒரகடத்துக்கு முப்பது ரூபாய். பானைக்கும் ஒரு சீட் காசு கேட்டார் டிரைவர். "பானை இன்னா, எறங்கி நடக்குமா? மடியில வச்சிக்கிறேன், ஓட்டுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்ததால் கூட்டுரோட்டில் அரை மணி நேரம் நின்றோம். அங்கிருந்து ஊர் நான்கு கிலோமீட்டர், வேறு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

வழியில் கால்வாயைப் பார்த்தேன். மண் மூடியபடியே கிடந்தது. மேலே லாரிகள்.

கோயிலில் புதுத் தலைவர் பானையை வாங்கக் கை நீட்டினார். "ஆயா, அந்தப் பழைய கட்டுரைய மட்டும் எடுத்துடு. இப்ப அங்க நிக்கிறது நம்ம தம்பி லாரிங்க. ஊரு பேரு கெடுது இல்ல?"

"கால்வாய தொறந்துடு, எடுத்துடறேன்."

நீட்டிய கை பின்னால் போனது.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே ரோட்டோரம் போய் உட்கார்ந்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களைக் கூப்பிட்டு ஊற்றினேன். வடக்கத்திப் பெண்கள் இருவர் மூக்கைச் சுளித்துக் குடித்தார்கள். பிறகு மறுபடியும் டம்ளரை நீட்டினார்கள்.

அப்போது அடுத்த வீட்டு தேசம்மா வந்தாள். ஊர் என்னைத் தள்ளிவைத்த மறுநாளே, நான் தண்ணீர் பிடிக்காதபடி தன் வாசல் குழாய்க்குப் பூட்டுப் போட்டவள். சாகும்வரை அதை மறக்கமாட்டேன். கோயில் கூட்டம் மொத்தமும் பார்க்கச் சொம்பை நீட்டினாள்.

"ஊத்து யக்கா. மூஞ்சியப் பாத்துகினே இருந்தா சொம்பு ரொம்பிடுமா?"

ஊற்றினேன். அங்கேயே நின்று குடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சொம்போடு வந்து நின்றார்கள்.

என்னைப்போல் ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் மாறினால் போதாது. எதற்காக வெளியேறினீர்களோ, அது மாறியதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பானை வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், உள்ளூர் ரோடு குண்டும் குழியும். ஞாயிறு மாலை திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் புறப்படுங்கள். கட்டுரை இங்கேயேதான் இருக்கிறது. தேசம்மாவோடு இன்னும் பேச்சில்லை. ஆனால் அடுத்த ஆடிக்கு இதைவிடப் பெரிய பானையாக ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.