செருப்பக்காவின் பொய்

எங்கள் தெருவில் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. நானூறு வருஷப் பழசு என்று பீற்றிக்கொள்வார்கள்; சாக்கடைக்கும் அதே வயசுதான். மூன்றுக்கும் பொதுவாக ஒரே செருப்புக் கொட்டகை. அதில் உட்கார்ந்திருப்பவள் செருப்பக்கா. எதிர்க்கடையில் கடிகாரம் பழுதுபார்க்கும் எனக்கு அவள்தான் பேச்சுத்துணை, சண்டைத்துணை எல்லாம்.

யார் முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. மணியோசையும் பாங்கும் பாட்டும் கலந்து மிதக்கிற மதியத்தில், பாதிக் கண் மூடியபடி செருப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் தம்பிக்காக. பதினோரு வருஷத்துக்கு முன், அம்மாவின் அடக்கத்துக்குப் பிந்தி வந்தான் என்று தெருவே கேட்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டிவிட்டாள். வண்டிதான் தாமதம் என்று பிறகே தெரிந்தது. ரோஷக்காரன், போனவன் போனவன்தான்.

"அவன் காலைச் சாய்ச்சு நடப்பான். இடது ஓரம்தான் முதல்ல தேயும். என்னிக்காவது இந்தப் பக்கம் வராமலா போயிடுவான்?" என்பாள். அடி பைத்தியமே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நேற்று குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையின் கடைசியில் ஒரு புதிய ஆளின் ஜோடி. இடது ஓரம் கரைந்திருந்தது.

"யாரு விட்டுட்டுப் போனது?"

"எனக்கென்ன தெரியும்? நான் என் வேலையைப் பாக்க வேணாமா?" என்றேன்.

மூன்று வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தூபப் புகையில் எல்லா வாசல்களிலிருந்தும் அவன் வருவது போலவும் இருந்தது, யாருமே இல்லாதது போலவும் இருந்தது. சட்டென்று இடது செருப்பை எடுத்து மடியில் மறைத்தாள்.

தலை நரைத்த ஒருவன் வந்து நின்றான். அவள் நிமிரவில்லை. வேறு யாராகவாவது இருந்துவிட்டால்?

"ஒண்ணுதாங்க இருக்கு. இன்னொண்ணைக் காணோம். உக்காருங்க, தேடித் தரேன்."

அட பாவி! முப்பது வருஷத்தில் ஒரு செருப்பு வாரைக்கூடத் தொலைக்காதவள் பேசுகிற பேச்சா இது?

அவன் உட்கார்ந்தான்.

"மூணு இடத்துலயும் போய் தைரியம் கேட்டேன்க்கா," என்றான். "எங்கயும் கிடைக்கல. செருப்பை மாட்டிக்கிட்டு சத்தமில்லாம ஓடிடலாம்னுதான் வந்தேன்."

அக்கா அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.