பேச்சில்லாத பக்கம்

அந்தத் தொடரின் முதல் புத்தகம் ஒரு பிளஸ் ஒன் மாணவியின் மடியிலிருந்து பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் டீச்சர். தனியார் பள்ளி ஒன்றில் புவியியல் சொல்லிக்கொடுத்தார். கோட்டைக்குள், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அக்ரஹாரத்தில் தன் அப்பாவோடு குடியிருந்தார். அவருக்குப் பெயர் உண்டு. நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவே டீச்சர் என்றது, நானும் டீச்சர் என்றேன். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் என்னை அவர் சார் என்றார்.

அது துலாம் மாதம், தமிழுக்கு ஐப்பசி. மழையில் நனைந்த பஸ் கிழக்கேகோட்டைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் எப்போதும் புத்தகத்தோடு இருப்பவன் என்பதால் என்னிடம் அதை நீட்டி மலையாளத்தில் கேட்டார், இது எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று. ஜப்பானியச் சித்திரக் கதை, நமக்குக் கடைசிப் பக்கம்தான் அதற்கு முதல் பக்கம் என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன். இரண்டு வீட்டிலும் தமிழ்தான். ஆனாலும் பஸ்ஸில் தமிழ் பேசும் வழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை.

மறுவாரம் அவர் பாதியைப் படித்து முடித்திருந்தார். வருஷக் கடைசியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த மாணவி, "டீச்சர் வெச்சோளு, ஞான் ஆறாமத்தது ஆயி" என்றாளாம். டீச்சரே வைத்துக்கொள்ளட்டும், நான் ஆறாவது புத்தகத்துக்கு வந்துவிட்டேன் என்று. "எனக்கு மானமே போச்சு சார்," என்று டீச்சர் சிரித்தது அவர்கள் வீட்டு வாசலில். மீதிப் புத்தகங்களை ஸ்டாச்யூ ஜங்ஷனில் ஒரு கடையில் சொல்லிவைத்து நான் வாங்கத் தொடங்கியிருந்தேன். இரண்டாவதைக் கொடுக்கத்தான் அன்று போனேன்.

"வாசல்ல நின்னுண்டு என்ன சிரிப்பு? உள்ள வந்து சிரிங்கோ, எனக்கும் கேக்கட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டீச்சரின் அப்பா. ஓய்வுபெற்ற குமாஸ்தா. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, செய்தித்தாளை மகள்தான் தினமும் படித்துக் காட்டுவார். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை ஆடிட்டர்வாள் என்பார். நான் ஆடிட்டர் இல்லை என்று முதலில் இரண்டு மூன்று முறை திருத்திப் பார்த்தேன். "அதனால என்ன, ஆயிடுவேள்," என்றார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த ஹாலில் படிப்பது வழக்கமானது.

கதை இதுதான். கடலைப் பார்த்த மலை ஊர் ஒன்றில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அதன் மொட்டைமாடியில் வானிலை மன்றம். உறுப்பினர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் சேராவிட்டால் மன்றத்தை மூடிவிடுவோம் என்று தலைமையாசிரியர் ஓயாமல் மிரட்டுகிறார். ஒரு பையன், ஒரு பெண். பையன் ஊருக்கெல்லாம் மழையைச் சரியாகச் சொல்லுவான். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும், அவன் சொல்லட்டும் என்று குடையோடு நிற்பாள். அவன் சொல்ல வாயெடுக்கும்போது ரயில் கூவும். பூனை மழைமானியைத் தட்டிவிடும். யாராவது கதவைத் திறப்பார்கள்.

மாமா கொஞ்சம் கேட்டுவிட்டு ஆட்சேபித்தார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படிச்சா யார் பேசறான்னு எப்படித் தெரியும்? பையன் பேச்சை ஆடிட்டர்வாள் படிக்கட்டும். பொண்ணு பேச்சை நீ படி."

"சத்தமெல்லாம் எழுதியிருக்கே அப்பா. மழைச் சத்தம், ரயில் சத்தம். அதை யார் படிக்கறது?"

"அதை எங்கிட்ட விடு."

ஆங்கிலத்தில் இருந்ததை நாங்கள் அவரவர் வீட்டுத் தமிழில் சொன்னோம். எனக்கு வேறு தமிழ் வராது. என் அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர். "நாளைக்கி மழ பெய்யும்ணு நெனைக்கேன். கொடைய எடுத்துக்கிடு, என்னா?" என்று பையனுக்காக நான் படித்ததும் டீச்சர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சார், ஜப்பான்காரன் நாகர்கோவில் பஸ்ஸிலேர்ந்து இறங்கி வர்றாப்ல இருக்கு."

"உங்க பொண்ணு மட்டும்? யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு மடிசார் பேச்சு பேசுகா."

"படிங்கோ, படிங்கோ," என்றார் மாமா. "மழை நான் பெய்ய வேண்டாமா?" நாற்காலிக் கையில் விரல்களால் தட்டி அவர் பெய்த மழை, உண்மையாகவே நன்றாக இருக்கும்.

புத்தகம் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் கிடக்கும். பக்கத்தின் கடைசிப் பேச்சு யாருடையதோ, அவர் பக்கத்தைத் திருப்ப வேண்டும். யாரும் போட்ட விதி அல்ல, கை அப்படிப் பழகிவிட்டது. மறந்து நான் முந்திக்கொண்டால், "என் பேச்சு இன்னும் முடியலை," என்று டீச்சர் என் கையைத் தட்டிவிடுவார். சில சமயம் நான் மறக்காமலே முந்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் அதைப் படித்த மாதத்தைக் குறித்துவைத்தேன், மலையாளக் கணக்கில் மேடம், கர்க்கடகம் என்று. எதைப் படித்தாலும் அதற்குள் எந்த நாள், எந்தப் பருவம் என்று கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு உண்டு. இந்தக் கதையின் பஞ்சாங்கம் சரியில்லை. அவர்களின் இரண்டாம் வருஷத்தில் பள்ளி ஆண்டுவிழா மூன்று தடவை வருகிறது. நான் அதை நிரூபித்துக் காட்டினேன்.

"விடுங்கோ சார்," என்றார் டீச்சர். "அவா பாஸ் ஆயிட்டா ஸ்கூலை விட்டுப் போகணும். வரையறவருக்கு அனுப்ப மனசு வரலை, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நான் பிழை பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் பதினேழு வயதிலேயே நின்றார்கள். எங்களுக்குத்தான் வருஷங்கள் போயின. மாமா கைத்தடிக்கு மாறினார். டீச்சருக்கு வகிட்டின் இடது பக்கம் நரை வந்தது. நாற்பதைத் தாண்டிய எனக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. கர்க்கடக மழையில் முற்றத்துத் தண்ணீர் உயர்வதும், சுவாமி ஊர்வலம் போகும் ஆறாட்டு நாளில் தெருவே கூட்டமாக நிற்பதும், மறுபடி மழையும் வந்து வந்து போயின. அந்தப் பையன் ஒரு புத்தகத்தில் சபதம் எடுத்தான்: மழைக்காலம் முடிந்து வரும் முதல் வெயில் நாளில் அவளிடம் சொல்லிவிடுவேன் என்று. அதன் பிறகு அந்தக் கதையில் மழை நிற்கவே இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் புத்தகத்தை மூடும்போது மாமா கேட்பார்: "சொல்லிட்டானோ?"

"இல்லைப்பா."

"எந்தா இது! அவனுக்கு வாய் இருக்கோ இல்லையோ?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கும் வாய் இருந்தது. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. சாதி வேறு, சமையல் வேறு. அதைக் காரணமாகச் சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளும். ஆனால் உண்மையான காரணம், அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் புத்தகங்களில் மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மலையாளத்தில் பாட்டாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுத் தமிழில் ஒருவர் இன்னொருவரிடம் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டாச்சா என்பார்கள், குடை எடுத்துக்கொள் என்பார்கள்.

பிறகு ஒரு இடவ மாதம், வைகாசி வாக்கில், வீட்டு உரிமையாளர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள் என்றும், புனேயில் இருக்கும் தம்பி அப்பாவையும் தன்னையும் அங்கே வரச் சொல்லிவிட்டான் என்றும் டீச்சர் சொன்னார். அங்கே ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. அதே நாட்களில்தான் தொடரின் கடைசிப் புத்தகம் வெளிவந்திருப்பதாகத் தெரிந்தது. ஸ்டாச்யூ கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "அடுத்த ஆழ்ச்ச" என்றார். அடுத்த வாரம், அடுத்த வாரம். எந்தக் கடைக்காரரையும் நான் அப்படி நச்சரித்தது இல்லை.

ஏனென்றால் கடைசிப் புத்தகத்தில் அவன் சொல்லியே ஆக வேண்டும். அவன் பேச்சு என் பேச்சு. அதை நான் டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். வார்த்தையைக்கூட நான் தேட வேண்டாம், அவன் தருவான். கேட்கிறவருக்குப் புரியாமல் போகாது. அவரிடமிருந்து என்ன பதில் வந்தாலும் அது அந்தப் பெண்ணின் பதில் என்று இருவருமே சிரித்துக்கொள்ளலாம். சபதம் எடுத்த பையனைவிடக் கோழைத்தனமான திட்டம்தான். ஆனாலும் எனக்கு இருந்தது அது ஒன்றே.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. முக்காலியைக்கூடக் கட்டிவிட்டார்கள். ஒரு பெட்டியின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தோம். மாமாவின் நாற்காலி மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

மன்றத்தை மூடும் அறிவிப்பு வருகிறது. தலைமையாசிரியர் கத்துகிறார், அவர் பேச்சு எப்போதும் டீச்சருடையது, அன்று கொஞ்சம் அதிகமாகவே கத்தினார். பையன் படியேறுகிறான். ஒவ்வொரு படியிலும் தான் சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறான், நான் அதைப் படித்தேன். மாமா மழை பெய்தார், பிறகு மெல்ல நிறுத்தினார். புத்தகத்திலும் நின்றுவிட்டது. "மழ விட்டாச்சு," என்பது பையனின் பேச்சு. அந்தப் பக்கத்தின் கடைசிப் பேச்சு. நான் பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே படம். மொட்டைமாடி முழுவதும் தேங்கிய தண்ணீர், அதில் வெயில். அவள் குடையை மடக்கிக்கொண்டிருக்கிறாள். அவன் வாய் திறந்திருக்கிறது. பேச்சுக் குமிழ் இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை.

நான் கண்ணாடியைச் சரிசெய்து மேலும் கீழும் தேடினேன்.

"என்ன, நிறுத்திட்டேள்?" என்றார் மாமா. "சொல்லிட்டானோ?"

டீச்சர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சொல்லிண்டிருக்கான் அப்பா."

"காதுல விழலையே."

"எங்களுக்கும்தான் விழலை."

"ஏதாவது சத்தம் இருக்கா? மழை, ரயில்?"

"ஒண்ணுமே எழுதலைப்பா. படம்தான்."

மாமாவின் விரல்கள் நாற்காலிக் கையில் சும்மா கிடந்தன. "அப்போ திருப்புங்கோ. அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்கலாம்."

நான் கையை நீட்டவில்லை. டீச்சரும் நீட்டவில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்கும் பேச்சில்லை, ஆகவே யார் முறையும் இல்லை. வெளியே ஒரு ஆட்டோ தெருவைக் கடந்து போனது. சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எந்த வார்த்தையாக இருந்தாலும் அன்று சரியாக இருந்திருக்கும்.

"சார்," என்றார் டீச்சர்.

"ம்."

"யார் திருப்பறது?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் போடும் தடித்த ரப்பர் பேண்டு ஒன்றைக் கொண்டுவந்து, மீதமிருந்த பக்கங்களை மட்டும் சேர்த்துக் கட்டினார். திறந்தால் அந்தப் படம் வரைக்கும்தான் திறக்கும். "இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றார். மற்ற புத்தகங்களையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டார்.

தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன். மாமாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டு இறங்கியபோது வண்டி நகரத் தொடங்கியிருந்தது. நல்ல மழை. டீச்சர் கதவருகே வந்து நின்று, என் தமிழில், நான் பையனுக்காகப் படித்த அதே இழுப்போடு, "கொடைய எடுத்துக்கிட்டீங்களா, என்னா?" என்றார். நான் குடை கொண்டுபோகவில்லை.

கடைசிப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சிரமமே இல்லை. இணையத்தில் தேடினால் வந்துவிடும். கடைக்காரர் இன்னொரு பிரதி இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். உள்ளட்டையில் மாதம் குறிக்காத ஒரே புத்தகம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போனில் பேசுகிறோம். அங்கே தண்ணீர் ருசியில்லை, நம்மூர்க் கீரை கிடைப்பதில்லை, மாமா இந்தி கற்றுக்கொள்ள மறுக்கிறார். பேச்சு முடியும் நேரத்தில் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும், "சொல்லிட்டானோ?" டீச்சர் சொல்வார், "ரப்பர் பேண்டு அப்படியே இருக்குப்பா." நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர்கள் வைக்கும் வரை கேட்பேன்.

இந்த ஓணத்துக்குப் பிந்தைய ஞாயிறும் மாமா கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "நேர்ல வந்து சொல்லுவான்ணு மாமாகிட்ட சொல்லுங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு டீச்சர் அதை அப்பாவிடம் சொல்வது கேட்டது.

"என்னிக்காம்?" என்றார் மாமா. "ஆடிட்டர்வாள் தேதி இல்லாம பேச மாட்டாரே!"

"துலாத்துல," என்றேன்.

"துலாத்துல மழையாச்சே சார்," என்றார் டீச்சர்.

"இங்க மழதான். அங்க எப்படி?"

அவர் நடந்துபோய் ஏதோ ஒரு ஜன்னலைத் திறக்கும் ஓசை கேட்டது.

"இங்க வெயில்தான்," என்றார்.